நூற்று நாற்பதுக்கு மேல் போனால் பொண்ணு

முதலில் என் மடத்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாலாவது பாராவில் நீங்களாகக் கண்டுபிடித்துப் பெருமைப்பட்டுக்கொள்வீர்கள். ஏழு வருடமாகத் திண்டிவனத்தில், கர்ப்பிணிகளின் வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கு நான் பயன்படுத்திய கருவி, ஜெராக்ஸ் மெஷின்.

என் கடைக்கு இரண்டு கடை தள்ளி ஒரு ஸ்கேன் சென்டர். ரிப்போர்ட்டோடு வெளியே வருகிறவர்கள் நேராக என்னிடம்தான் வருவார்கள். ஊர் நர்ஸுக்கு ஒரு காப்பி, அரசாங்க உதவித்தொகைக்கு ஒரு காப்பி, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு காப்பி. அந்த ரிப்போர்ட்டில் குழந்தையின் இதயம் நிமிடத்துக்கு எத்தனை தடவை துடிக்கிறது என்று ஒரு வரி இருக்கும். நூற்று நாற்பதுக்கு மேல் போனால் பொண்ணு, கீழே இருந்தால் பையன் என்று என் வாட்ஸ்அப்புக்கு ஒரு தகவல் வந்திருந்தது. யார் எழுதியது என்று தெரியாது. யார் அனுப்பியது என்றுகூட நினைவில்லை. பத்தாம் வகுப்பு அறிவியலில் முப்பத்தைந்து வாங்கித் தேறியவனுக்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

ஆரம்பத்தில் விளையாட்டுக்குத்தான் சொன்னேன். “இன்னா சார், ரிப்போர்ட்டையே அப்படி உத்துப் பாக்கறீங்க?” என்று ஒருத்தர் கேட்டார். “ஒண்ணும் இல்லைங்க, தம்பி உள்ள இருந்து சிரிக்கிறாரு” என்றேன். ஆறு மாதம் கழித்து அந்த ஆள் ஒரு ஸ்வீட் பாக்ஸோடு வந்து நின்றார். பையனாம். அன்றைக்குப் பிடித்தது எனக்குப் பைத்தியம்.

கணக்குப் பார்த்தால் பாதி பேருக்குப் பலித்திருக்கும். காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் பாதி பேருக்குப் பலித்திருக்கும், ஆனால் காசுக்கு யாரும் ஸ்வீட் கொண்டுவந்து கொடுப்பதில்லை. பலிக்காதவர்கள் சண்டைக்கு வரவில்லை. ஜெராக்ஸ்காரன் சொன்னான், நம்பினேன் என்று எந்த மானமுள்ள மனுஷன் வெளியே சொல்வான்? என் வீட்டிலேயே நான் பையன் என்று அடித்துச் சொல்லிப் பிறந்தவள் இன்றைக்குப் பத்தாவது படிக்கிறாள். அதைக்கூட நான் தோல்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்போது என்னிடம் வாட்ஸ்அப் இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இன்னொன்றையும் சொல்லித் தொலைக்கிறேன். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்ல மாட்டோம், சொல்வது சட்டப்படி குற்றம் என்று ஸ்கேன் சென்டரில் தொங்கும் பலகை இருக்கிறதே, அதை டைப் செய்து, லேமினேஷன் போட்டுக் கொடுத்தவன் நான்தான். பிழையே இல்லாமல் அடித்திருந்தேன். குழந்தையின் பாலினத்தைத் தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்று கர்ப்பிணிகள் எழுதிக் கொடுக்கும் படிவமும் என் மெஷினில் ஓடியதுதான். அங்கே கையெழுத்துப் போட்ட மை காய்வதற்குள் பத்தடி நடந்து என்னிடம் வந்து கேட்பார்கள். கேட்பது புருஷன்காரர்கள். பெண்கள் படிக்கட்டுக்கு வெளியே ஃபைலைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்பார்கள்.

போன வருடம் அப்படி வந்தவர்களில் ஒருவர் பெருமுக்கல் பக்கத்துக்காரர். சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவர். பட்டா, சிட்டா என்று மாதத்துக்கு ஒரு தடவையாவது கடைக்கு வருவார். ஏற்கெனவே இரண்டு பெண் பிள்ளைகள். இப்போது மனைவிக்கு மூன்று மாதம்.

ரிப்போர்ட்டை மெஷினில் வைத்தபடி பார்த்தேன். நூற்று அறுபத்திரண்டு.

“அண்ணே, இன்னாண்ணே போட்டிருக்குது?” என்றார்.

“இன்னா போட்டிருக்குது? வூட்ல மூணு கொலுசு சத்தம் கேக்கப் போவுதுன்னு போட்டிருக்குது” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. வாசலில் ஃபைலோடு நின்ற அவர் மனைவியும் சிரிக்கவில்லை. அவர் காப்பிகளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். இவ்வளவு நல்ல ஜோக் எடுபடவில்லையே என்றுதான் அன்று சாயங்காலம் வரைக்கும் எனக்கு வருத்தம். என் மூளையின் அளவு உங்களுக்குப் புரிந்திருக்கும்.

மூன்று வாரம் கழித்து அவர் தனியாக வந்தார். மனைவியின் ஆதார் அட்டையை நீட்டி, “ஒரு காப்பி போடுண்ணே, ஜல்தி” என்றார்.

“எதுக்குப்பா?”

குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஆனால் முகத்தில் ஒரு வெற்றிக்களை. “விழுப்புரத்துல ஒரு ஆளு இருக்கறாண்ணே. கார்லயே மெஷின் வச்சிக்கினு சுத்தறான். போன வாரம் இட்டுக்கினு போனேன். ரெண்டு நிமிசம்தான் வச்சிப் பாத்தான். பொண்ணுதான்னு சொல்லிட்டான்.”

“படம் ஏதாச்சும் காட்டினானா?”

“படமெல்லாம் காட்ட மாட்டான். ஆனா நீங்களும் அதையேதான சொன்னீங்க? ரெண்டு பேரும் ஒண்ணு போல சொன்னதாலதான் எனக்கு நம்பிக்கையே வந்துது. அமாவாசைக்கு மேல்மலையனூர் போயி அம்மனைக் கும்பிட்டுக்கினு, மறுநாள் காலைல விழுப்புரத்துலயே கலைச்சிடலாம்னு இருக்கறோம்.”

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பச்சை வெளிச்சம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு பெண் தெய்வத்தின் முன்னால் கற்பூரம் ஏற்றிவிட்டு, அந்தக் கையோடு பெண் என்று ஒரு கருவை அழிக்கப் போகிறவனைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அவன் தன் சாட்சியாக என்னைச் சொல்கிறான் என்பது அதைவிட அருவருப்பாக இருந்தது.

“நான் விளையாட்டுக்குச் சொன்னேம்பா” என்றேன்.

“நீங்க விளையாட்டுக்குச் சொன்னாலும் பலிக்கும்ணே” என்று காப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு ஸ்கேன் சென்டருக்கு ஓடினேன். அங்கே ஸ்கேன் பார்க்கும் டாக்டரம்மா எனக்கு வாடிக்கைக்காரர். என்னை மரியாதையாகப் பேசுகிற மிகச் சிலரில் ஒருவர். நடந்ததைச் சொன்னேன். கேட்டு முடிக்கும் வரை அவர் கையிலிருந்த பேனா அசையவில்லை.

“ஹார்ட் ரேட்டைப் பாத்தா சொன்னீங்க?”

“ஆமாங்க மேடம்.”

“மூணு மாசத்துல முக்கால்வாசிக் குழந்தைக்கு நூத்தி நாப்பதுக்கு மேலதாங்க துடிக்கும். பையனுக்கும் அப்படித்தான், பொண்ணுக்கும் அப்படித்தான். அசைஞ்சா கூடும், தூங்கினா குறையும். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது.”

“அப்ப அந்தக் கார்க்காரன் மெஷின்லயே பாத்தானே மேடம், அது?”

“மூணு மாசத்துல ரெண்டும் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும், சின்ன மொட்டு மாதிரி. நல்ல மெஷினை வச்சிக்கிட்டுப் படிச்சவங்களே தப்பா நினைக்கலாம். அஞ்சு மாசத்துக்கு மேல பெரும்பாலும் தெளிவாத் தெரியும். அப்பவும் குழந்தை காலைச் சேத்து வச்சிருந்தா, தொப்புள்கொடி நடுவுல வந்து கிடந்தா, ஏமாந்து போற ஆளுங்க இருக்காங்க. அவன் ரெண்டு நிமிஷத்துல என்னத்தைப் பாத்தான்? அவன் ஏன் பொண்ணுன்னு சொல்றான்னு உங்களுக்குப் புரியலையா?”

புரிந்தது. பையன் என்றால் அவன் வேலை அத்தோடு முடிந்தது. பொண்ணு என்றால்தான் அடுத்த வேலை வரும். அப்படிச் சொன்னது பொய்யாகவே இருந்தாலும், அதை நிரூபிக்கும் சாட்சி பிறப்பதே இல்லை. என் தொழிலைவிட உத்தரவாதமான தொழில்.

எழுந்து கிளம்பும்போது டாக்டரம்மா சொன்னார்: “அவன் கையில மெஷின் இருக்கு, உங்க கையில ஜெராக்ஸ் மெஷின் இருக்கு, அவ்வளவுதாங்க வித்தியாசம். பிடிச்சா ரெண்டு பேரையும் சேத்து உள்ள வைக்கணும்.” அந்தக் கார்க்காரன் மேல் அவரே புகார் கொடுத்தார். அந்தக் காகிதத்தில் என் பெயரையும் எழுதுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வீரம் என்பது எனக்கு எப்போதுமே அடுத்த வாரம் வருகிற விஷயம்.

புகாரில் ஒன்றும் நகரவில்லை என்று தெரிந்து, அமாவாசைக்கு மறுநாள் காலையில் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். அவர்கள் வந்து இறங்கினார்கள். அந்தப் பெண்ணின் நெற்றி நிறைய கோயில் குங்குமம். கையில் ஒரு துணிப்பை. அவளை சிமென்ட் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, அவர் போனைக் காதில் வைத்து யாருக்கோ அடித்துக்கொண்டிருந்தார். போய் முன்னால் நின்றேன்.

“இன்னாண்ணே, இங்க?”

“வேணாம்பா. தெரிஞ்சா ஜெயிலு.”

“யாருக்குத் தெரியும்? நீங்க சொல்லாம இருந்தா சரி.”

“நாலு மாசம் ஆவுது. இந்த மாதிரி ஆளுங்க கையில போனா உம் பொண்டாட்டி உசுருக்கே ஆபத்துய்யா.”

“அதெல்லாம் செஞ்சி பழகுனவங்கதாண்ணே.” பெஞ்சில் இருப்பவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்.

“ரெண்டு பொண்ணு பெத்திருக்கியே, அதுங்க முகத்தைப் பாத்துமா உனக்குத் தோணுது?”

“அதுங்க முகத்தைப் பாக்கறதாலதாண்ணே இன்னொண்ணு வேணாங்கறேன்.”

சட்டம், உயிர், பாசம் என்று என்னிடம் இருந்த மூன்றும் தீர்ந்துவிட்டன. அவர் போனில் மணி அடித்தது. “வந்துட்டோம் சார், எந்தப் பக்கம்?” என்றார். அப்போதுதான் என் வாயிலிருந்து அது வந்தது. யோசித்துச் சொன்னதாக இருந்தால்கூட மன்னித்துக்கொள்ளலாம். தயாராக எனக்குள் இருந்து வந்தது.

“யோவ், பையனா இருந்தா இன்னா பண்ணுவ?”

அவர் போனைக் காதிலிருந்து எடுத்தார்.

“நான் சொன்னது பொய்யி. அந்த நம்பருக்கும் கொயந்தைக்கும் சம்பந்தமே இல்லன்னு ஸ்கேன் டாக்டரே சொல்லிட்டாங்க. அவன் எல்லாருக்கும் பொண்ணுன்னுதான்யா சொல்றான். அப்பத்தான அவனுக்குப் பொழப்பு? உள்ள இருக்கறது பையன்யா! உன் பையனை நீயே கொல்லப் போறியா?”

அவர் முகம் வெளுத்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார். “அய்யோ, நல்ல நேரத்துல வந்தீங்கண்ணே” என்றார். கண்ணில் தண்ணீர். சட்டத்துக்கு வராத தண்ணீர், பொண்டாட்டி உயிருக்கு வராத தண்ணீர். அந்தக் கையை உதறிவிட்டு எங்கேயாவது போய் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்போல் இருந்தது. ஆனால் உதறவில்லை. உதறினால் மனசு மாறிவிடுவார் என்று பயம்.

மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் திண்டிவனம் திரும்பினோம். வழியில் அவர் மனைவிக்கு வெள்ளரிப்பிஞ்சு வாங்கிக் கொடுத்தார். தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தார். “மெதுவா சாய்ஞ்சி உக்காரு, குலுங்குது” என்றார். காலையில் கலைக்கக் கூட்டிக்கொண்டு வந்தவளிடம் மத்தியானம் குலுங்குகிறது என்கிறார். அவள் எதையும் சாப்பிடவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். ஒரே ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தாள். நன்றி சொல்கிற பார்வை என்று நான் நினைத்துக்கொள்ள முயன்றேன். முடியவில்லை. பஸ் ஸ்டாண்டில் அவளுக்குப் பக்கத்திலேயே நின்றுதான் அத்தனையும் கத்தியிருந்தேன்.

அந்தக் குழந்தைக்கு உயிர்ப்பிச்சை கிடைத்தது, அது வேறு யாரோவாக இருக்கலாம் என்கிற சந்தேகத்தால். அந்தச் சந்தேகத்தைக் கிளப்பியவன் நான். நல்லது செய்துவிட்டேன் என்று நிம்மதியாகத் தூங்கவும் இல்லை, கெட்டது செய்துவிட்டேன் என்று சாப்பிடாமல் இருக்கவும் இல்லை. ஐந்து மாதம் அப்படியே ஓடியது. அந்த ஐந்து மாதமும் ரிப்போர்ட்டுகளைப் பார்க்காமலே வாங்கி, அப்படியே கவிழ்த்துப் போட்டுத்தான் காப்பி எடுத்தேன். கேட்டவர்களிடம், “எனக்குக் கண்ணு தெரியலைங்க” என்றேன்.

அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தது. பெண்.

இனி இவர் குழந்தையையும் தாயையும் என்ன பாடு படுத்துவாரோ, என்னை வந்து அடிப்பாரோ என்று பயந்துகொண்டிருந்தேன். வந்தார். டீக்கடையில் நாலு பேர் முன்னால் என் தோளில் கை போட்டார்.

“மொதல்ல நீங்க சொன்னதுதாண்ணே கரெக்டு. நடுவுல யாரோ பேச்சைக் கேட்டு நீங்களே உங்களை நம்பாம கொழம்பிட்டீங்க. சரி வுடுங்க, பொறந்துடிச்சி, வளக்க வேண்டியதுதான்.” பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, “அண்ணன் பாத்துச் சொன்னா மிஸ்ஸே ஆவாது” என்றார். அடுத்த வாரமே அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு கிளியனூர் பக்கத்திலிருந்து இரண்டு பேர் ஃபைலோடு வந்தார்கள். நான் திட்டிய திட்டில் எதிர்க்கடைக்காரர் எழுந்து வந்துவிட்டார். அவர்கள் போகும்போது, “பெரிய ஆளுன்னா கோவமும் இருக்கும்” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு போனார்கள்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண் தனியாகக் கடைக்கு வந்தாள். தோளில் குழந்தை. வெளியே நிற்காமல் படியேறி நேராக உள்ளே வந்து, குழந்தையின் பிறப்புச் சான்றிதழை என் முன்னால் வைத்தாள். குழந்தை விழித்துக்கொண்டு என்னையே பார்த்தது. எத்தனையோ நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் அந்த நேரம் பார்த்து ஒழுங்கில்லாமல் வந்தது.

“உன் பொண்ணு என்னை மொறைக்கிறாளேம்மா” என்று சிரித்துப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. “ஜெராக்ஸ்காரனுக்கு எதுக்கும்மா அந்தப் பேச்சு? ஆரம்பத்துல நான் சொன்னதே தப்பு. விழுப்புரத்துல பையன், பையன்னு கத்தினேனே, அது அதைவிடத் தப்பு. வேற வழி தெரியலம்மா எனக்கு. அப்படிச் சொன்னாத்தான் அவரு கேப்பாருன்னு... மனசுல வச்சிக்காதம்மா...”

“ரெண்டு காப்பி போதும்” என்றாள்.