பினாயில் அக்காவும் இரண்டு சிஸ்டமும்

பிரிண்ட் கடை அக்காவுக்குத் தெருவில் பினாயில் என்று பெயர். யார் தொட்டாலும் மவுஸை உடனே துடைத்துவிடுவாள். எவனாவது பல்லில் கடித்திருந்த பென் டிரைவை நீட்டினால் முகம் அஷ்டகோணலாகும். "எத்தன மெஷின்ல சொருகினதோ, கருமம்!"

அவளுடைய கம்ப்யூட்டர் மட்டும் என்ன வாழ்ந்தது? திருட்டு விண்டோஸ். மாட்டிக்கொள்ளக் கூடாதென்று அப்டேட்டையே அடைத்து வைத்திருந்தான் அவள் தம்பி. திறந்தால் சூதாட்ட விளம்பரம் ஈயாக மொய்க்கும்.

ஒருநாள் தையல்காரம்மா ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுக்க வந்தாள். மார்பில் கட்டி. "பொண்ணுக்குப் பரீட்ச முடியற வரைக்கும் யாருக்கும் தெரிய வேணாம் தங்கச்சி."

அன்றே அக்கா தம்பியின் காதைத் திருகினாள். அவன் விண்டோஸைத் தூக்கிவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டான்.

"விண்டோஸ் உள்ள என்ன இருக்குன்னு கம்பெனிக்குத்தான் தெரியும். இதோட புரோகிராம யார் வேணாலும் பாக்கலாம்க்கா."

"நீ பாத்தியா?"

"எனக்கென்ன தெரியும்? எவனாவது பாத்திருப்பான்."

"இப்படி நெனச்சுத்தான்டா தெருக்குப்பைய யாரும் அள்ளல."

பிரிண்டர் அசையவில்லை. ஏதோ தளத்தில் கிடந்த ஒரு கட்டளை வரியைக் காப்பியடித்து ஒட்டி, பாஸ்வேர்டையும் தட்டினான் தம்பி.

"இத யாரு எழுதினது?"

"தெரியாது. அதான் ஓடுதுல்ல!"

அக்காவுக்கு ரோட்டில் கிடந்த பல்குச்சியை வாயில் வைத்தது மாதிரி இருந்தது. நெட் ஒயரைப் பிடுங்கினாள். "எல்லாத்தையும் அழிச்சிட்டு மறுபடி போடு. பிரிண்டர் கம்பெனிக்காரன் குடுக்கிறத மட்டும் எடு."

போட்டான். முன்பே காப்பி எடுத்து வைத்திருந்த பழைய ஃபைல்களையும் ஒன்றுவிடாமல் திருப்பி வைத்தான். அதில் அவனுக்குப் பெருமை வேறு.

மறுநாள் ஒரு வீட்டுத் தரகர், தன் ஃபைலைத் தேடுகிறேன் என்று டவுன்லோட்ஸைத் திறந்தார். மேலேயே ஸ்கேன் ரிப்போர்ட், பெயரோடு. "அட, இது நம்ம தையல்..."

அக்கா திரையை அணைத்தாள். "யோவ், அடுத்தவங்க பேப்பர்ல என்ன மூக்கு?"

அவரை விரட்டிவிட்டு அந்த ஃபோல்டரைப் பார்த்தாள். ஊராரின் அடையாள அட்டை, கல்யாணம், வியாதி எல்லாம் அதில். இதைக் கொட்டியது விண்டோஸா, லினக்ஸா? பினாயில் வாசமடிக்கும் தன் கையே அவளுக்கு நாறியது. மொத்தத்தையும் அழித்தாள்.

அடுத்த வாரம் தையல்காரம்மா புது ரிப்போர்ட்டோடு வந்தாள். பிரிண்ட் வந்ததும் அக்கா மவுஸை அவள் பக்கம் நகர்த்தினாள். "நீங்களே அழிங்கக்கா. குப்பைத்தொட்டியையும் காலி பண்ணுங்க."

தையல்காரம்மா மவுஸைப் பிடித்தாள். மவுஸெல்லாம் வியர்வை. அழித்துவிட்டு, மூச்சு விட்டு, போனாள்.

"துடைக்கலியாக்கா?" என்றான் தம்பி.

"உன் வேலயப் பாருடா."