என் மூக்கு நிறுத்திவைத்த மதிய உணவு

முதல் அறிகுறி காப்பியில் தெரிந்தது. நான் அதைப் பால்காரரின் குற்றமாக எடுத்துக்கொண்டேன்.

காலையில் கணவர் கலந்து கொடுத்த காப்பியிலிருந்து, எரிந்த ரப்பரும் அழுகிய வெங்காயமும் கலந்தாற்போல் ஒரு நாற்றம் வந்தது. பால்காரரை அழைத்து விசாரித்தேன். அவர் மறுத்தார். கல்வி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். மறுப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவரை நிறுத்திவிட்டுப் பாக்கெட் பால் வாங்கினேன். நாற்றம் போகவில்லை. காப்பித்தூளை மாற்றினேன். பிறகு தாளிக்கும்போதும் அதே நாற்றம் வரத் தொடங்கியது. கடலை எண்ணெயைச் செக்குக்காரரிடமே திருப்பிக் கொண்டுபோய் வைத்தேன்.

"ஏம்புள்ள, அன்னூர்ல இருக்கற அத்தனை கடைக்கும் மெமோ குடுத்து முடிச்சாச்சா? இல்ல இன்னும் பாக்கி இருக்குதா?" என்றார் கணவர்.

"உங்களுக்கு நாறலீங்களா?"

"எனக்கு எதுவும் நாறலையே."

அவருடைய மூக்கில் ஏதோ கோளாறு என்று முடிவு செய்தேன்.

இதற்குச் சில மாதங்கள் முன்பு, பெருந்தொற்றின் இரண்டாம் அலையில் எனக்குக் கொரோனா வந்தது. காய்ச்சல், இருமல், படுத்த படுக்கை. வாசனை அறவே தெரியாமல் போயிற்று. இதற்கு அனோஸ்மியா (மூக்கு எந்த வாசனையையும் உணராத நிலை) என்று பெயர். அப்போது அதைப் பற்றிக் கவலைப்படும் நிலையில் யாரும் இல்லை. மூச்சு வந்துகொண்டிருந்ததே போதுமானதாக இருந்தது. சில வாரங்களில் யூகலிப்டஸ் தைலம் தெரிந்தது, பிறகு சோப்பு தெரிந்தது. குணமாகிவிட்டது என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன். உங்களில் யாரேனும் இதே போலக் கொடுத்துக்கொண்டிருந்தால், கொஞ்சம் பொறுங்கள்.

அந்த ஆண்டின் கடைசியில் தொடக்கப் பள்ளிகள் திறந்தன. எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்த அரசு உதவிபெறும் பள்ளியில் பிள்ளைகளைப் பாதுகாப்பதற்கான நடைமுறைகளை எழுதித் தரும்படி பங்குத்தந்தை கேட்டார். என்னிடம் நடைமுறை கேட்பது, பசித்தவனிடம் சோறு வேண்டுமா என்று கேட்பது மாதிரி. வாசலில் வெப்பமானி, சோப்புத் தண்ணீர், பெஞ்சுக்கு இருவர், ஒரு வகுப்புப் பிள்ளைகள் இன்னொரு வகுப்போடு கலக்காமல் தனித்தனி இடைவேளை, தாழ்வாரத்தில் சுண்ணாம்பு வட்டங்கள், வட்டத்துக்கு ஒரு பிள்ளை. எல்லாம் எழுதினேன்.

சத்துணவுக்கும் எழுதினேன். பிள்ளைகளுக்குப் பரிமாறுவதற்கு முன் பெரியவர் ஒருவர் உண்டு பார்ப்பது வழக்கம். எங்கள் பள்ளியில் ஆசிரியைகள் இருவர் இருவராகப் பார்ப்பார்கள். ஒரு வகுப்பின் தொற்றைச் சமையற்கூடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்று அதை நிறுத்தினேன். சமைத்தவரே சான்றளிக்கவும் கூடாது. வகுப்பு எடுக்காதவர், தடுப்பூசி இரண்டும் போட்டவர், நோய் வந்து போனவர் என்று தேடினால் ஒரே ஒருவர்தான் மிஞ்சினார். நான் மட்டும் உண்டு பார்க்க வேண்டும். நான் வேண்டாமென்றால் பரிமாறக் கூடாது. அதுதான் விதி.

பள்ளி திறந்த புதிதில் வெங்காயம் சேராத புளிசாதம், சுண்டல் என்று, அதுவும் ஆறிய பிறகு உண்டு பார்த்ததால், சிக்கலில்லாமல் போயிற்று. ஒரு நாள் வெங்காயம், தக்காளி போட்ட மசாலா முட்டை செய்திருந்தார்கள். சமையலர் ருக்மணி ஒரு தட்டில் எடுத்துக் கொடுத்தார். வாயில் வைத்ததும் துப்பிவிட்டேன்.

"ருக்மணி, இதைப் போடாதீங்க. கெட்டுப்போச்சு."

"ஏனுங்க மேடம், இப்பத்தானுங்க இறக்கி வெச்சேன்! முட்டை காத்தால வேக வெச்சதுங்க."

"நாறுது."

ருக்மணி முகக்கவசத்தை இறக்கிவிட்டுப் பாத்திரத்துக்குள் குனிந்தார். "எனக்கு ஒண்ணும் நாறலீங்களே. வேணும்னா உங்க முன்னாலயே நாலு முட்டையத் தின்னு காட்டறேனுங்க. செத்துப்போனா அதுக்கும் ஒரு விதி எழுதிப்போடுங்க."

"சமைச்சவங்க சொல்றது செல்லாதுங்க."

"அப்ப பசிச்சவங்க சொல்றதாவது செல்லுமுங்களா?"

தாழ்வாரத்தில் பிள்ளைகள் வட்டங்களுக்குள் உட்கார்ந்து தட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் நூல் மில் வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வருகிறவர்கள். நிறுத்தினால் அவர்கள் மாலை வரை பட்டினி. நிறுத்தாமல் விட்டு யாராவது வாந்தியெடுத்தால், பயந்து பயந்து பிள்ளையை அனுப்பியிருக்கும் பெற்றோர் மறுநாள் ஒருவரைக்கூட அனுப்ப மாட்டார்கள். இரண்டில் எது நடந்தாலும் பொறுப்பு என்னுடைய ஒரு நாக்குக்கு.

தலைமையாசிரியை ஸ்டெல்லா காப்பிக் குடுவையும் கையுமாக வாசற்படியில் வந்து நின்றார். "மேடம், நான் உள்ள வரலாமுங்களா? நீங்கதான் யாரும் வரக் கூடாதுன்னு..."

"வாங்க. சாப்பிட்டுப் பாருங்க."

பாதி முட்டையைத் தின்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "நல்லாத்தானுங்க இருக்குது. உப்பு கொஞ்சம் தூக்கல்."

"உப்பப் பத்தி இப்ப யாரும் கேக்கலீங்க டீச்சர்," என்றார் ருக்மணி.

நான் இன்னொரு துண்டு எடுத்தேன். அதே நாற்றம். அது சந்தேகம் மாதிரி இல்லை. சாக்கடை ஓரமாக நிற்கிறவரிடம் போய் இங்கே சாக்கடை இல்லை என்று சொன்னால் எப்படியிருக்கும், அப்படி இருந்தது. இருவரும் சேர்ந்து பொய் சொல்கிறார்கள் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

பிறகு கூடையிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்து வெட்டினேன். புது வெங்காயம், உள்ளே வெள்ளை வெளேர் என்று இருந்தது. அதே நாற்றம். ஸ்டெல்லாவின் குடுவையை வாங்கித் திறந்தேன். அதிலும் அதே. பால்காரர், காப்பித்தூள் கடை, செக்கு எண்ணெய், ருக்மணி, இப்போது ஸ்டெல்லா. குற்றவாளிகள் இத்தனை பேர், நாற்றம் ஒன்று. எல்லா இடத்திலும் இருந்த ஆள் நான் ஒருத்திதான்.

"போடுங்க," என்றேன்.

"நெசமாவுங்களா?"

"எம் மூக்குதான் கெட்டுப்போச்சு. சாப்பாடு இல்ல. போடுங்க."

சொல்லிவிட்டேனே தவிர, உடம்பு ஒப்புக்கொள்ளவில்லை. அறிவு ஒரு முடிவெடுத்துவிட்டது. வயிறு இன்னும் எதிர்த்து வாதாடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்க்க முடியாமல் வெளியே போனேன், பார்க்காமல் இருக்க முடியாமல் உள்ளே வந்தேன். சாயங்காலம் வரை தாழ்வாரத்தில் நடந்துகொண்டே இருந்தேன். ஒரு பிள்ளை இருமினால் நின்றேன். ஒன்று கழிவறைக்கு ஓடினால் பின்னாலேயே போனேன்.

கடைசி மணிக்கு முன் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "வயித்த வலிக்குதுங்க மிஸ்."

குனிந்து அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். "என்ன தின்ன அம்மணி?"

"முட்டைங்க."

"எத்தனை?"

"ஒண்ணுதானுங்க." சற்று யோசித்தாள். "அப்பறம் கவினோடது. அப்பறம் நஸ்ரினோடது."

"அடுத்தவங்க தட்டுல கை வெக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்குதல்ல?"

"அவங்க ரெண்டு பேரும் முட்டையே தின்ன மாட்டாங்க மிஸ். நான் வட்டத்த அழிக்கவே இல்லீங்க. அவங்க வட்டத்துக்குள்ள போயி உக்காந்துதானுங்க தின்னேன்."

என் அலுவலகத்தில் விதிகளுக்கு விளக்கம் சொல்லியே பதவி உயர்வு வாங்கியவர்கள் இருந்தார்கள். அவர்களில் எவருக்கும் இது தோன்றியிருக்காது. அவளுக்கு வெந்நீர் கொடுத்தோம். ஏப்பம் விட்டுவிட்டு விளையாடப் போனாள். நான் மட்டும் மறுநாள் காலை வருகைப் பதிவு முடியும்வரை உட்காரவில்லை. எல்லாரும் வந்திருந்தார்கள்.

கோவையில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்தேன். இளம் பெண். மூக்குக்குள் எண்டோஸ்கோப்பி (சிறு கேமரா பொருத்திய மெல்லிய குழாயை உள்ளே விட்டுப் பார்ப்பது) செய்தார். அடைப்போ கட்டியோ இல்லை. இது பரோஸ்மியா (இருக்கிற வாசனையை மூளை வேறொன்றாகத் திரித்து உணர்வது) என்றார். நோயில் சேதமான வாசனை நரம்புகள் மறுபடி வளரும்போது இப்படி நேரலாம்; வெங்காயம், பூண்டு, முட்டை, காப்பி, வறுத்தது, பொரித்தது இவற்றில்தான் பலருக்கு இந்தத் தொல்லை.

"அப்படின்னா இது நோயா, குணமாறதுக்கு அடையாளமா?"

"ரெண்டுந்தானுங்க மேடம்."

"எத்தனை நாள் ஆகும்?"

"அதச் சொல்ல முடியாதுங்க. சிலருக்கு மாசக்கணக்கு, சிலருக்கு வருசக்கணக்கு. உங்களுக்கு எப்படின்னு போகப்போகத்தான் தெரியும்."

'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்று நான் எத்தனை பேருக்குப் பதில் எழுதியிருப்பேன்! வாங்கிக்கொள்கிற பக்கத்தில் உட்கார்ந்தால் அந்த வாக்கியம் வேறு மாதிரி இருக்கிறது.

முகர்தல் பயிற்சி எழுதிக் கொடுத்தார். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் சிறிது நேரம் முகர்ந்து, அதன் பழைய வாசனையை நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். செய்து பாருங்கள், அலுப்பாக இருக்கும், ஆனால் கெடுதல் இல்லை. எனக்கு ரோஜா நெடுங்காலம் ஈரச் சாக்காக இருந்தது. ஒரு நாள் கிராம்பு கிராம்பாகவே வந்தது. மறுநாள் காணாமல் போயிற்று. இந்த நோயில் நேற்று கிடைத்தது இன்றும் இருக்கும் என்று நம்பிப் படுக்க முடியாது.

வேறு சிலவும் சொல்ல வேண்டும். எரிவாயு கசிந்தால் உங்களுக்குத் தெரியாமல் போகலாம். ஆகவே வீட்டில் நம்பகமான மூக்கு எதுவென்று கண்டுபிடித்து, அதனிடம் கேட்டுவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள். என் வீட்டில் அது கணவருடையது. நான் பழுது என்று தீர்ப்பெழுதிய அதே மூக்கு. 'இது கெட்டுப்போச்சுங்களா?' என்று இப்போது எல்லாவற்றையும் அவரிடம் கேட்கிறேன். அவரும் நிதானமாக முகர்ந்து, வேண்டுமென்றே தாமதித்து, பதில் சொல்கிறார். குமட்டல் வந்தால் சோறு, தயிர், பழம் என்று ஆறியதாகச் சாப்பிடுங்கள். உடல் எடை இறங்கினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். வீட்டார் இதை மனக்கோளாறு என்பார்கள். கோபப்படாதீர்கள், அவர்களுக்கு நாறவில்லை, அவ்வளவுதான்.

பள்ளி விதியைத் திருத்தினேன். சாப்பாட்டை இருவர் பார்க்க வேண்டும். கொரோனா வந்துபோனவர் தனியாகப் பார்க்கக் கூடாது. ஆசிரியைகளிடம் காலையில் காய்ச்சல் உண்டா என்று கேட்கும்போது, வாசனை தெரிகிறதா என்றும் கேட்க வேண்டும். நான் பட்டியலிலிருந்து விலகிக்கொண்டேன்.

பெருந்தொற்று முடிந்து, முகக்கவசங்கள் மறைந்து, சுண்ணாம்பு வட்டங்கள் பிள்ளைகளின் கால்பட்டே அழிந்த பிறகு, ஒரு மதியம் பள்ளிக்குப் போயிருந்தேன். மிளகு முட்டை. ஸ்டெல்லாவும் இன்னொரு ஆசிரியையும் பார்த்து முடித்திருந்தார்கள். ருக்மணி என்னிடமும் ஒரு தட்டை நீட்டினார்.

"மேடமும் பாத்துச் சொல்லுங்க."

வாயில் வைத்தேன். நாற்றம் இல்லை. முட்டை என்றும் சொல்ல முடியவில்லை. மிளகின் எரிச்சல் மட்டும் உடனே தெரிந்தது. அது வாசனை நரம்பின் வேலை அல்ல, வேறு நரம்பின் வேலை. மூவரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"எனக்குச் சரியாத் தெரியலீங்க," என்றேன். பணிக்காலம் முழுவதும் எந்தக் கோப்பிலும் நான் எழுதாத வாக்கியம்.

"செரிங்க," என்று சொல்லிவிட்டு ருக்மணி பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனார். என் தீர்ப்புக்காக யாரும் காத்து நிற்கவில்லை. தட்டுகளின் சத்தம் எழுந்து அடங்கியது. பிள்ளைகள் சாப்பிட்டு, கை கழுவ வரிசையில் நின்று தள்ளிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான், விழுங்கி வெகு நேரம் கழித்து, மிளகின் வாசனை என்னிடம் வந்து சேர்ந்தது. மருத்துவர் அவ்வளவு தாமதமாக வராது என்கிறார். வந்தது. நான் தட்டை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தேன்.