கல் தூண்களுக்கு நடுவே எரியும் ஆயில் லைட்

ஆயில் சரியான அளவில் இருக்கிற புது வண்டியில், ஆயில் பிரஷர் விளக்கு ஒரே ஓர் இடத்தில் மட்டும் எரிந்தால், அதற்கு எது காரணம் என்று கேட்க வேண்டுமா, யார் காரணம் என்று கேட்க வேண்டுமா? இதற்கு இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. நான் பள்ளியில் அறிவியல் டீச்சர். பிள்ளைகள் வகுப்பில் அந்த மாதிரிக் கதை பேசினால் நிறுத்திவிட்டுப் பாடத்தை எடுக்கிறவள். வண்டி வாங்கிய அன்று பாஸ்டர் வந்து ஜெபம் செய்தார், அதோடு சரி, எலுமிச்சம்பழம்கூட வைக்கவில்லை. அதனால் இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்கு வருத்தம் இல்லை. உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

நாங்கள் கே.ஜி.எஃப். தங்கவயலில், ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீட்டில் இருக்கிறோம். நான், என் கணவர் ஸ்டீபன், மாமனார், பத்து மாதக் குழந்தை ஜெனி. ஸ்டீபன் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விடுவார். எனக்குப் பங்காருபேட்டையில் பள்ளி. என் அம்மா வீடும் அங்கேதான். தினமும் காலையில் பாப்பாவைப் பின் சீட்டில் அவளுடைய கார் சீட்டில் வைத்து பெல்ட் போட்டு, அம்மாவிடம் விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போவேன். அதற்காகவே வாங்கிய வண்டி. சீட்டின் பிளாஸ்டிக் வாசனைகூட இன்னும் போகவில்லை.

கோரமண்டல் தாண்டும் முன்பு, தங்கம் பிரித்த கழிவுமண் குவிந்து கிடக்கும் சயனைடு திட்டுக்குப் பக்கத்தில், மூடிப்போன ஒரு சுரங்க ஷாஃப்ட் இருக்கிறது. அதன் கேட் இருந்த இடத்தில் இப்போது இரண்டு கல் தூண்கள் மட்டும் நிற்கின்றன, ரோடு அவற்றுக்கு நடுவே போகிறது. ஒரு திங்கட்கிழமை காலை, நல்ல வெயில், அந்தத் தூண்களுக்கு நடுவே வரும்போது டேஷ்போர்டில் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது. மூக்கு நீண்ட சின்ன எண்ணெய்க் கேன், நுனியில் ஒரு சொட்டு. வண்டியோடு கொடுத்த புத்தகத்தை நான் முதல் நாளே முழுக்கப் படித்திருந்தேன். அந்த விளக்கு எரிந்தால் உடனே ஓரம் கட்ட வேண்டும், இன்ஜினை அணைக்க வேண்டும், தொடர்ந்து ஓட்டினால் இன்ஜின் இறுகிப் பிடித்துக்கொள்ளும் என்று அதில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. நான் அப்படியே செய்தேன். பானெட்டைத் திறந்து, ஆயில் அளவு பார்க்கும் கம்பியை இழுத்துத் துடைத்துப் பார்த்தேன். ஆயில் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது, தேன் நிறத்தில், சுத்தமாக. மறுபடி ஸ்டார்ட் செய்தேன். விளக்கு இல்லை.

அடுத்த நாளும் அதே இடம். அதற்கடுத்த நாளும்.

முதலில் நான் சந்தேகப்பட்டது வண்டி விற்றவர்களைத்தான். ஷோரூமில் எல்லோரும் ஓட்டிப் பார்த்த வண்டியைத் துடைத்துப் புதிது என்று கொடுத்துவிட்டார்களோ என்று. சர்வீஸ் சென்டரில் ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்தார்கள். பிரஷர் அளந்தார்கள், சரியாக இருந்தது. கம்ப்யூட்டரில் எந்தக் குறையும் பதிவாகவில்லை. இருந்தாலும் அந்த விளக்குக்கான ஸ்விட்சை மாற்றிக் கொடுத்தார்கள்.

"மேடம், ஆயில் கம்மியா இருந்தா வளைவுல திரும்பறப்போ இப்படி மினுக்கும். அங்க வளைவு இருக்கா?" என்று கேட்டார் அங்கிருந்தவர்.

"இல்லிங்க, நேர் ரோடு."

"அப்ப மேடு பள்ளம்?"

"அதுவும் இல்ல."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அந்தப் பார்வையை அதற்குப் பிறகு வீட்டிலும் பார்த்தேன். ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை ஸ்டீபன் தனியாக அந்த வழியே போய் வந்தார், எதுவும் எரியவில்லை. திங்கட்கிழமை நான் பாப்பாவோடு போனேன், புது ஸ்விட்ச் போட்ட பிறகும் எரிந்தது.

"நீ ஓட்னா மட்டும் எரியுதா? வண்டிக்கே உன்ன பாத்தா பயம் போல கீது," என்றார் ஸ்டீபன்.

"விளையாடாதீங்க. பின்னாடி பாப்பா இருக்கா."

"அதான் ஷீலா சொல்றேன். பாப்பா பொறந்ததுலருந்து உனக்கு எல்லாத்துக்கும் பயம். கேஸ் மூடினியான்னு போயி போயி பாக்குற. கொஞ்ச நாளு பாப்பாவ வச்சிக்கினு வண்டி ஓட்டாத, இன்னா?"

அவர் அன்பாகத்தான் சொன்னார். கேஸை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது உண்மைதான். ஒருவேளை எனக்குத்தான் ஏதாவது ஆகிவிட்டதோ? இல்லாத விளக்கு என் கண்ணுக்கு மட்டும் தெரிகிறதோ? அப்படியிருந்தால் நான் என் குழந்தையை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டவே கூடாது அல்லவா? மாமனார் மட்டும் எனக்காகப் பேசினார். "வண்டி புச்சுடா, மொரண்டு பண்ணும். போவப் போவ படிஞ்சிடும். அந்தப் பொண்ண இன்னாத்துக்கு வையிற?" என்றார். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்று அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் விளக்கு எரிந்ததும் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைக்கும் முன்பே போனில் வீடியோ எடுத்தேன். விளக்கு தெளிவாக விழுந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில். அப்போதுதான் பின்னால் சத்தமே இல்லை என்பது உறைத்தது. வீட்டிலிருந்து அழுதுகொண்டே வந்தவள் அமைதியாகிவிட்டிருந்தாள். போனைப் பிடித்தபடியே திரும்பினேன். ஜெனி இரண்டு கைகளையும் நேராக மேலே தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிள்ளைகள் தூக்கச் சொல்லிக் கை நீட்டும், உங்களுக்குத் தெரியும். அது வேறு. அது நம் பக்கம் நீளும், விரல்கள் அசையும், முகத்தில் ஓர் ஆசை இருக்கும். இவள் கை யார் பக்கமும் நீளவில்லை. காதோடு ஒட்டி, விரல்களை விரித்து, அசையாமல். முகத்தில் பயம் இல்லை, சிரிப்பும் இல்லை, டாக்டர் முன்னால் பொறுமையாக இருக்கும் பெரியவர்களின் முகம் மாதிரி இருந்தது. நான் இன்ஜினை அணைத்துவிட்டுப் பின்னால் போய் அவள் கைகளை இறக்கினேன். நம்பினால் நம்புங்கள், பத்து மாதக் குழந்தையின் கை அவ்வளவு விறைப்பாக இருந்தது.

இரவு சாப்பாட்டின்போது வீடியோவை ஸ்டீபனிடம் காட்டினேன். விளக்கைப் பார்த்ததும் "சரி சரி, எரியுது, ஒத்துக்கிறேன்" என்றார். அடுத்து பாப்பா வந்ததும் வாய்விட்டுச் சிரித்தார்.

"டாடி, இங்க பாருங்க! உங்க பேத்தி செக்கிங்குக்கு நிக்கிறா!"

எனக்குப் புரியவில்லை. என் அப்பா வீட்டில் எல்லோரும் ரயில்வே, மைன்ஸ் விஷயம் எதுவும் எனக்குத் தெரியாது. ஸ்டீபன்தான் சொன்னார். ஷிஃப்ட் முடிந்து மேலே வருகிறவர்கள் தங்கம் எதையும் ஒளித்து எடுத்துப் போகிறார்களா என்று கேட்டில் தடவிப் பார்ப்பார்களாம். ஒவ்வொரு ஆளும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டுமாம். சின்ன வயதில் லைன் பிள்ளைகள் எல்லோரும் அதை வைத்துத் திருடன் போலீஸ் விளையாடுவார்களாம்.

"அந்த ரெண்டு தூணாண்டதான் கேட்டு இருந்துச்சு, இல்ல டாடி?"

மாமா தட்டில் பாதிச் சோறு இருக்கும்போதே எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

அன்றுதான் என் சந்தேகம் வண்டியை விட்டு வேறு பக்கம் திரும்பியது. நினைத்துப் பார்த்தேன். வண்டி வந்து இரண்டு மாதம் பாப்பாவோடு அதே ரோட்டில் போய் வந்திருக்கிறேன், அப்போதெல்லாம் எதுவும் எரியவில்லை. எரிய ஆரம்பித்தது பாப்பாவின் ஞானஸ்நானத்துக்கு மறுநாள். ஞானஸ்நானத்தன்று மாமா அவள் கையில் ஒரு தங்கக் காப்பு போட்டார். தன்னிடம் பழைய பொன் கொஞ்சம் இருந்தது, அதில் செய்தது என்று சொன்னார். கடையில் வாங்கும் நகையின் நிறம் இல்லை அதற்கு, கொஞ்சம் சிவப்பு ஓடியது, அளவுக்கு மீறிய கனம். முத்திரை எதுவும் இல்லை. அன்றைக்கு நான் அழகாக இருக்கிறது என்று மட்டும்தான் நினைத்தேன்.

மாமா அந்த ஷாஃப்ட்டில்தான் வேலை பார்த்தவர், மைன்ஸ் மூடும்வரைக்கும். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அடுத்தவர் வீட்டு முருங்கைக்காய் நம் பக்கம் விழுந்தால்கூடக் கொண்டுபோய்க் கொடுக்கிற மனிதர். அவரைப் பற்றி இப்படி நினைக்க எனக்கே கூச்சமாக இருந்தது. பழைய பொன் எல்லார் வீட்டிலும் இருக்கும்தானே? மனைவியின் நகையாக இருந்திருக்கலாம்தானே? ஆனால் மனம் கேட்கவில்லை. பாப்பாவுக்குக் கை தடித்திருக்கிறது என்று பொய் சொல்லிக் காப்பைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

விளக்கு எரியவில்லை. மறுநாளும் இல்லை. இரண்டு வாரம் எரியவில்லை. தூண்களைத் தாண்டும்போது பாப்பா ஜன்னலைப் பார்த்து எதையாவது உளறிக்கொண்டு வருவாள். எனக்கு நிம்மதியாக இருந்தது, அந்த நிம்மதியே வெட்கமாகவும் இருந்தது. ஸ்விட்ச் மாற்றினதுதான் லேட்டாக வேலை செய்கிறது என்றார் ஸ்டீபன். நானும் ஆமாம் என்றேன்.

போன சனிக்கிழமை மாமாவுக்குக் கண் பார்க்கப் பங்காருபேட்டைக்குப் போக வேண்டியிருந்தது. பாப்பாவை ஸ்டீபன் பார்த்துக்கொண்டார். அதுவரைக்கும் மாமா எங்கள் வண்டியில் அந்தப் பக்கம் வந்ததே இல்லை, எப்போதும் ரயிலில்தான் போவார். அன்று கண்ணில் நீர் வடிந்துகொண்டிருந்ததால் நான் வற்புறுத்தி முன் சீட்டில் உட்கார வைத்தேன். வழியெல்லாம் நன்றாகத்தான் பேசிக்கொண்டு வந்தார். ஏசியைக் குறைக்கச் சொன்னார், "இன்னாம்மா இது, பொணமாட்டம் வெறைக்குது" என்று சிரித்தார்.

தூண்கள் வந்தன. சிவப்பு விளக்கு எரிந்தது.

பழக்கத்தில் என் கால் பிரேக்குக்குப் போய்விட்டது. வண்டியை நிறுத்திவிட்டு, பேச்சு நின்றுவிட்டதே என்று பக்கத்தில் பார்த்தேன். மாமா இரண்டு கைகளையும் மேலே தூக்கியிருந்தார். வண்டிக்குள் இடம் போதாமல் விரல்கள் கூரையில் மடங்கியிருந்தன. கண் திறந்திருந்தது. நேரே கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ரோட்டில் யாரும் இல்லை, ஒரு ஆடுகூட இல்லை.

"மாமா," என்றேன். மறுபடி சத்தமாக, "மாமா!"

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே கைகளை இறக்கினார். அந்த நொடியில் விளக்கு அணைந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, நான் சாவியைத் தொடவே இல்லை.

"இன்னாத்துக்கும்மா வண்டிய நிறுத்தின?" என்று கேட்டார், ஒன்றுமே நடக்காத மாதிரி.

"ஒண்ணும் இல்ல மாமா."

கோரமண்டல் ஸ்டேஷனைத் தாண்டியதும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டார்.

"பாப்பா காப்ப கழட்டிட்டியா?"

"ஆமாம் மாமா. இறுக்கமா இருந்துச்சு."

"நல்லதும்மா. கழட்டியே வையி."

அவ்வளவுதான். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஸ்டீபனிடமும் இதைச் சொல்லவில்லை. சொன்னால் ஒன்று நான் பைத்தியம் என்று ஆகும், இல்லையென்றால் அவருடைய அப்பா திருடன் என்று ஆகும்.

என்னைத் தூங்கவிடாமல் செய்வது ஒன்றுதான். அன்று வண்டியில் காப்பு இல்லை, அது வீட்டு பீரோவில் இருந்தது. இருந்தும் விளக்கு எரிந்தது. அப்படியென்றால் அந்தக் கேட்டில் தடவிப் பார்க்கிறவர்கள் தேடுவது பொன்னை இல்லை. ஒருமுறை குறித்துவைத்துக்கொண்ட ஆளைத்தான் தேடுகிறார்கள் என்றால், காப்பைக் கழற்றிவிட்டதால் என் ஜெனி தப்பித்துவிட்டாளா, இல்லை, அவள் முறை இன்னும் வரவில்லையா? இப்போது சுற்றுப் பாதையில்தான் போகிறேன், ஆனால் மழை வந்தால் அந்தப் பாதை தாங்காது. தூண்கள் வழியாகத்தான் போயாக வேண்டும். விளக்கு எரிந்தால் நிறுத்தாமல் ஓட்டவும் எனக்குத் தைரியம் இல்லை. உண்மையிலேயே ஆயில் இறங்கியிருந்தால், குழந்தையோடு நடு ரோட்டில் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். நிறுத்தினால் அவள் கை தூக்குவாள்.

இதைப் படிப்பவர்களில் யாருடைய வீட்டிலாவது அந்த கேட்டில் நின்று வந்தவர்கள் இருந்தால், தயவுசெய்து கேட்டுச் சொல்லுங்கள். தடவிப் பார்த்து முடித்ததும், போகலாம் என்பதை எப்படிச் சொல்வார்கள்? வாயால் சொல்வார்களா, தோளில் தட்டுவார்களா, கையால் ஜாடை காட்டுவார்களா? மாமாவுக்கு அது தெரிந்திருந்தது, தானாகவே கையை இறக்கிவிட்டார். என் மகளுக்குத் தெரியாது. அன்று அவள் கைகளை நான்தான் பிடித்து இறக்கினேன்.