கத்திரிப்பூவும் அல்லாத நிறம்

அமானுல்லா பாய் இறந்துவிட்டார் என்று ஐயம்பேட்டையிலிருந்து அவர் மருமகன் போன் செய்தபோது, நான் பாயின் மேல் கோபமாக இருந்தேன். அன்று காலைதான் சென்னையிலிருந்து காளான் நிபுணரின் கடிதம் வந்திருந்தது: "பறித்தவுடன் செவுளின் நிறம் என்ன? அது தெரியாமல் பெயர் சொல்ல இயலாது." கடிதத்தைப் பிடித்துக்கொண்டு மனதுக்குள் பாயைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பட்டு நூலுக்குச் சாயம் போடும் பாயை உங்களில் பலருக்குத் தெரியும். கல்லூரியில் தாவரவியல் நடத்தும் எனக்கு அவர் அறிமுகமானது ஒரு காளானால். திருப்பருத்திக்குன்றத்தில் உளுத்த பனங்கட்டையில், மழை விட்ட மறுநாள் பார்த்தாராம். கட்டைவிரல் நகமளவு குடை. அதன் அடியில் வரிவரியாகச் செவுள்கள். "கத்திரிப்பூவும் இல்ல, வெங்காயத்தோலும் இல்ல மேடம். முப்பது வருசத்துல இந்தக் கலரை நான் போட்டதே இல்ல" என்றார்.

என் கையில் கொடுத்ததோ பழுப்பான சருகு. நிழலில் இரண்டு நாள் உலர்த்திக் கொண்டு வந்திருந்தார். "ஈரத்துல பாத்து கலர் சொல்லக்கூடாது மேடம், காஞ்சாத்தான் நிஜம்" என்றார். பட்டுக்கு அது சரி. காளானுக்கு நேர்மாறு என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அடுத்த மழைக்காலம் முழுக்க அந்தக் கட்டையைச் சுற்றி வந்தார். ஒன்றே ஒன்று முளைத்தது. நிற அட்டையோடு ஒப்பிட்டு எண்ணைக் குறிக்கச் சொல்லியிருந்தேன். அவரோ காளானைப் பட்டறைக்கு எடுத்துப்போய், அதைப் பார்த்துப் பார்த்துச் சாயம் கலந்து ஒரு பட்டு நூலை நனைத்தார். மாலைக்குள் காளான் குழைந்துவிட்டது. குழைந்ததும் நூலுமாக வந்து நின்றார்.

"நம்பர் எழுதினா கலர் தெரிஞ்சிடுமா மேடம்? இத்தப் பாருங்க, போதும்."

"இது ஆதாரம் இல்ல பாய்" என்று நூலை அவர் கையிலேயே திணித்தேன். அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நானாவது அப்போது நிறத்தைக் குறித்துக்கொண்டேனா? இல்லை. கோபத்தில் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. குழைந்து கிடந்ததை உலர்த்திச் சென்னைக்கு அனுப்பினேன். இந்த ஆண்டு அந்தக் கட்டையையே யாரோ அடுப்புக்கு எடுத்துப்போய்விட்டார்கள்.

துக்கம் கேட்கப் போனபோது அவர் மனைவி ஒரு கறுப்புக் காகிதப் பொட்டலத்தைக் கொடுத்தார். "மேடம் ஒருநாள் கேப்பாங்க, வெயில் படாம வைனு சொல்லிக்கினே இருந்தாரு." உள்ளே அந்த நூல். கூடவே ஒரு துண்டுச் சீட்டில் காளானைப் பறித்த தேதியும் இடமும் பாயின் கையெழுத்தில் இருந்தன.

வீட்டுக்கு வந்து நிற அட்டையில் வைத்துப் பார்த்தேன். எந்தக் கட்டத்தோடும் பொருந்தவில்லை. இரண்டு எண்களுக்கு நடுவில் நின்றது. நான் சொன்னபடி அவர் எண்ணை எழுதியிருந்தால் தப்பாகத்தான் போயிருக்கும்.

விரல் நீளம் வெட்டி நிபுணருக்கு அனுப்பியிருக்கிறேன். பதில் வரவில்லை. பெயர் கிடைக்குமோ என்னவோ. கிடைத்தாலும் சொல்ல வேண்டியவர் இல்லை என்பதுதான் ஆற்றாமையாக இருக்கிறது.

மீதி நூல் அதே கறுப்புக் காகிதத்தில் என் மேசையில் இருக்கிறது. அந்தக் காளான் என்ன நிறம் என்று யாராவது கேட்டால், பொட்டலத்தைப் பிரித்து நீட்டுகிறேன். இத்தப் பாருங்க, போதும்.