பத்மாசனி மச்சாளின் எழுத்துப் பரீட்சை

என் அண்ணன் மனைவி பத்மாசனி மச்சாள் நடுங்கி நான் கண்டது, வாகன லைசென்சுக்கான எழுத்துப் பரீட்சைக்குத்தான். வெயிலில் முழங்காலில் இருந்து வருடக்கணக்காகக் கண்ணிவெடி கிண்டி எடுத்த மனுசி! அந்த வேலை முடிந்ததும் ஆட்களை நிற்பாட்டிவிட்டார்கள். மல்லாவியில் பால் ஏற்றும் வான் வண்டிக்குச் சாரதி தேவையாம். லைசென்சோடு போனால் வேலை நிச்சயம். அண்ணனும் உயிரோடு இல்லை, பிள்ளைகள் இரண்டு. இதை விட்டால் அவருக்கு வேறு போக்கிடமில்லை.

வீதிச் சின்னங்களைக் குசினிச் சுவரில் ஒட்டிவைத்துப் படித்தார். அடுப்பில் சோறு கொதிக்கும்போது நான் கேள்வி கேட்பேன். விடை தெரியும், ஆனாலும் சொல்லமாட்டார். படத்தையே சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். எனக்கென்றால் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது.

"மச்சாள், இதென்ன மிதிவெடியே? டக்கெண்டு சொல்லுங்கோ!"

"பிழைச்சால்?"

"பிழைச்சால் என்ன? கொஞ்சப் பிழை விட்டாலும் பாஸ்தான்."

விசரியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "பிழை விட்டவையையும் றோட்டில விடுவினமோ?"

அகப்பை கீழே விழுந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை. நான்தான் எடுத்துக் கழுவிக் கொடுத்தேன்.

பரீட்சையன்று மண்டபத்துக்கு வெளியே நின்றேன். மற்றவர்கள் சிரித்துக் கதைத்தபடி வந்தார்கள். மச்சாள் கடைசியாக வந்தார். முகத்தில் இரத்தமே இல்லை.

"கொஞ்சக் கேள்வியை விட்டிட்டன்."

"ஐயோ, ஏன்?"

"நிச்சயமில்லாமல் எப்பிடியடி தொடுறது?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. போச்சு, வேலையும் போச்சு என்று தலையில் கைவைத்தேன். பிறகு பெயர் கூப்பிட்டார்கள். பாஸ்! நான் அந்த இடத்திலேயே துள்ளினேன். மச்சாளோ நேரே அதிகாரியிடம் போனார்.

"ஐயா, எழுதினதில நான் பிழை விட்டது எது?"

"அதெல்லாம் சொல்லுறேல்லை அம்மா. பாஸ்தானே, சந்தோசமாப் போங்கோ."

திரும்பி வந்து என் கையைப் பிடித்தார். விரல்கள் சில்லிட்டிருந்தன. லைசென்ஸ் கிடைக்கப்போகிறது, பிள்ளைகளுக்குச் சோறு கிடைக்கப்போகிறது, இந்த மனுசி ஏன் அழுகிறா என்று எனக்கு விளங்கவில்லை.

"என்னோட கண்ணிவெடி கிண்டின நாகேஸ்வரி இருக்கிறாளெல்லே, ரெண்டு காலும் போனவள்," என்றார். "அவள் விட்டது ஒரே ஒரு பிழை. நான் எத்தினை விட்டனான், எதில விட்டனான் எண்டு தெரியாமல், நாளைக்கு எப்பிடியடி வானை எடுக்கிறது?"