பூசைக்குப் போய் வந்த மஞ்சள் பை

எண்பதுகளின் கடைசியில், ஓர் அமாவாசைக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில், திண்டிவனத்தில் நடந்தது இது. தினமும் டைரி எழுதுகிறவன் நான். பக்கத்தை நிரப்பாமல் படுக்கமாட்டேன். அன்றைய பக்கத்தில் மட்டும் "பை கிடைத்தது" என்பதற்குமேல் எழுதக் கை ஓடவில்லை.

விழுப்புரத்தில் இருந்த என் அக்காவுக்கு முதுகுத்தண்டில் கோளாறு. கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே வலியில் துடித்துப்போவாள். அமெரிக்காவில் வேலை பார்த்த அவள் மகன் அங்கே ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்துவிட்டான். அவ்வளவு தூரம் எப்படிப் போய்ச் சேருவது என்பதுதான் கவலை. விமானத்தின் முன்பகுதியில் கட்டில்போலச் சாய்கிற சீட்டுகள் உண்டாம். அதன் விலைக்கு எங்கள் கொல்லையை விற்றாலும் காணாது.

அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். வேலை விஷயமாக அடிக்கடி விமானத்தில் போகிறவன் அவன். தொடர்ந்து ஒரே கம்பெனி விமானத்தில் போனால், போன தூரத்துக்கெல்லாம் பாயின்ட் சேருமாம். அந்தக் கம்பெனி விமானம் மதராசுக்கு வருவதில்லை. ஆனால் அதோடு ஒப்பந்தம் வைத்திருந்த வேறொரு கம்பெனியின் விமானம் வந்தது. சேர்த்த பாயின்ட்டையெல்லாம் கொடுத்து, அதில் அம்மாவுக்கு ஒரு முன்பகுதி சீட்டை வாங்கிவிட்டான். டிரங்க் காலில் இதைக் கேட்ட அக்காவின் கணவர், என் மாமா, நம்பவே இல்லை. "நானுந்தான் டெய்லி செஞ்சிக்கு பஸ்ல போய்க்கினு இருக்கேன். ஒரு டீ வாங்கிக் குடுத்திருப்பானா கண்டக்டரு?" என்றார்.

பாயின்ட்டுக்குக் கிடைக்கும் சீட்டுகள் மிகக் குறைவு, இதை விட்டால் மறுபடி எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது, தேதியை மாற்றவே கூடாது என்று பையன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். காலண்டரைப் பார்த்தால் அன்று பாட்டிமை. அமாவாசைக்கு மறுநாள் வீட்டைவிட்டுக் கிளம்புவதா என்று மாமா மறுத்தார். கடைசியில் பரஸ்தானம் வைப்பது என்று முடிவாயிற்று. பயணச் சாமான் ஒன்றை முன்கூட்டியே நல்ல நாளில் வேறொருவர் வீட்டில் வைத்துவிட்டால், அன்றே கிளம்பிவிட்டதாகக் கணக்கு. வைத்ததைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. போகிற வழியில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு புடவையை வைத்தால் போதுமே என்றேன். "பொடவையா பொறப்படுது? டிக்கெட்டுதான்பா பயணம்" என்று சொல்லி, டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு, திண்டிவனத்தில் தன் தங்கை வீட்டில் வைத்துவிட்டு வந்தார் மாமா.

ஞாயிறு காலை வாடகைக் காரின் பின்சீட்டில் அக்காவைப் படுக்க வைத்துக் கிளம்பினோம். மதியத்துக்குள் மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். திண்டிவனம் போய்ப் பார்த்தால், வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீடும் பூட்டு. மாமாவின் தங்கை அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போனவர், விடிந்ததும் வந்துவிடுவதாகச் சொன்னாராம். கூட்டத்தில் பஸ் கிடைத்திருக்காது என்றார் எதிரே இருந்த சைக்கிள் கடைக்காரர்.

காத்துக் காத்துப் பார்த்துவிட்டு, கடைக்காரரின் சுத்தியலை வாங்கி மாமாவே பூட்டை உடைத்தார். சாமி அலமாரி, பீரோ மேல், அரிசிப் பானை என்று எல்லா இடமும் தேடினோம். பை இல்லை. மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் வெளியே வந்ததும், என் முகத்தைப் பார்த்தே அக்கா புரிந்துகொண்டாள். "வுடு தம்பி. வூட்டுக்கே போயிடலாம். நான் இப்படியே படுத்துக்கினு காலத்தத் தள்ளிட்றேன்" என்றாள்.

அப்போது தெருமுனையிலிருந்து ஒரு அம்மாள் வேகமாக வந்தார். பக்கத்து வீட்டு டீச்சரம்மா, மாதா கோயில் பூசை முடிந்து வருகிறார் என்றார் கடைக்காரர். உடைந்த பூட்டைப் பார்த்ததும் டீச்சரம்மா எங்களை ஒரு அதட்டு அதட்டினார். அவருடைய கக்கத்தில் எங்கள் மஞ்சள் பை! மாமா ஓடிவந்து கை நீட்டினார். அந்த அம்மாள் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"மொதல்ல யாருன்னு சொல்லுங்க. பூட்ட ஒடைக்கறவங்ககிட்ட குடுக்கச் சொல்லலையே எங்கிட்ட."

அக்காவின் பெயரைச் சொன்னோம். டீச்சரம்மா பாஸ்போர்ட்டை எடுத்து, கார் ஜன்னலில் குனிந்து, படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "போட்டோவுல கொஞ்சம் சதையா இருக்கீங்க. ரொம்ப வலியாம்மா?" என்று கேட்டபடி பையை அக்காவின் கையிலேயே கொடுத்தார். ராத்திரி வீட்டில் ஆள் இருக்காது என்று மாமாவின் தங்கைதான் அதை அவரிடம் ஒப்படைத்திருக்கிறார்.

"ஆளில்லாத வூட்ல எப்படிங்க வெச்சிட்டுப் போறது? அதான் கையோட கோயிலுக்கு எடுத்துக்கினு போய்ட்டேன். நற்கருணை வாங்கப் போனப்பகூட கீழ வெக்கல" என்றார்.

மாமா கையெடுத்துக் கும்பிட்டார். வேறு பூட்டு வாங்கிப் போட்டுவிடுவதாகச் சொல்லிக் கடைக்காரர் எங்களை விரட்டினார். அச்சரப்பாக்கம் தாண்டியதும் மாமா, "பாட்டிமை இனி என்னா பண்ணும்? பை கோயிலுக்கே போய்ட்டு வந்துடுச்சே" என்றார். வலியிலும் அக்கா சிரித்துவிட்டாள்.

நேரத்துக்கு விமானம் ஏறினாள். வழியெல்லாம் படுத்தே போனதாகவும், போர்வைகூடக் கொடுத்தார்கள் என்றும் டிரங்க் காலில் சொன்னாள். அடுத்த வருஷம், தானே நடந்து வந்து டீச்சரம்மா வீட்டுக் கதவைத் தட்டினாள்.

இப்போதெல்லாம் யாராவது ஒரு பொருளை என்னிடம் வைத்திருக்கச் சொன்னால், அதைப் பூட்டி வைத்துவிட்டு வெளியே போக எனக்கு மனம் வருவதில்லை. கையோடு எடுத்துக்கொண்டுதான் போகிறேன், அதற்காக யாரோ ஒருவர் எங்கேயோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கக்கூடும் என்பதால்.