டிக்கி காலியாக இருந்த ஞாயிறு

என் மனைவி பேரணாம்பட்டில் நர்ஸ். மாலை வேலை முடிந்து ஆம்பூருக்கு ஸ்கூட்டரில் வருவாள். அதே நேரம் நான், ஷூ கம்பெனியில் வெட்டிய தோலைத் தைக்கக் கொடுப்பதற்காகக் காரில் பேரணாம்பட்டுக்குப் போவேன். வழியில் எதிரெதிரே கடப்போம். நான் இரண்டு முறை லைட்டை அடிப்பேன். அவள் பதிலுக்கு ஹாரன் அடிப்பாள்.

கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை, எட்டு மணிக்கு வீடு திரும்பினால் அவள் முழங்காலுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தாள்.

"எவனோ ஒரு பேமானி, மூஞ்சிலயே லைட்ட அடிச்சான். ரோடே தெரியல, மண்ணுல எறங்கி வுழுந்துட்டேன். நிக்காமப் போய்ட்டான்."

"எந்த எடத்துல?"

"பாலம் தாண்டி. ஏன், புடிச்சுத் தரப் போறீங்களா?"

பாலம் தாண்டி ஒரு ஸ்கூட்டருக்கு நான் லைட் அடித்திருந்தேன். ஹாரன் வரவில்லை. வேறு யாரோ என்று போய்விட்டேன்.

டைரியைப் புரட்டினேன். முந்தின நாள் பக்கத்தில், 'சர்ச் ஆராதனை முடிந்து மெக்கானிக்கிடம் ஹெட்லைட் சரிபார்த்தது' என்று என் கையெழுத்திலேயே இருந்தது. அப்படியானால் அது என் காராக இருக்க முடியாது. இருந்தும் படுக்கப் பிடிக்கவில்லை. கேட்டுக்கும் வாசலுக்கும் நடந்தேன். காரைக் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்து நிறுத்தி, வெளிச்சத்தின் மேல்விளிம்பில் சாக்பீஸால் கோடு போட்டேன். தாழ்வாகத்தான் இருந்தது.

விடியுமுன், வீட்டில் வைத்திருந்த தோல் கட்டுகளை டிக்கியில் ஏற்றியதும், அதே இடத்தில் நிறுத்தி மறுபடி லைட்டைப் போட்டேன். வெளிச்சம் கோட்டுக்கு மேல் இரண்டு சாண் ஏறியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தோல் வாடை வேண்டாம் என்று டிக்கியைக் கழுவிக் காலியாக வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அந்தக் காலி வண்டியைத்தான் மெக்கானிக்கிடம் கொண்டுபோயிருந்தேன்.

"லோடு அடிக்கிற வண்டின்னு சொல்ல வேணாமா சார்? பின்னாடி அமுங்கினா முன்னாடி தூக்கும்ல?" என்றார் அவர், நான் மறுபடி போனபோது. கட்டுகளை இறக்காமலே ஹெட்லைட்டைத் திருகித் தாழ்த்தினார்.

மதியம் மனைவிக்குப் போன் செய்தேன். "அந்தப் பேமானி நான்தான்."

"ரெண்டு தடவ அடிச்சீங்க வேற" என்றாள்.

அன்று மாலை பாலத்தருகே லைட் அடித்தேன். ஸ்கூட்டர் நின்றது. நானும் நிறுத்தினேன். அவள் கிட்டே வந்து, "இப்ப ரோடு தெரியுது. ஆனா அடிக்கிறத வுட்டுடுங்க" என்றாள்.

விட்டுவிட்டேன். இப்போது எதிரே வரும் ஸ்கூட்டர்களில் எது அவள் என்று தெரிவதில்லை. பாலம் வந்ததும் கண்ணாடியை இறக்கிவிட்டு, ஒவ்வொன்றும் கடக்கும்போது ஹாரன் கேட்கிறதா என்று காது கொடுக்கிறேன்.